இடைவெளிகளுக்கு விளக்கம் தரவும்

மாசி மாதம் ஜேர்மன் ஓய்வூதியக் காப்பகத்திலிருந்து ஒரு தடித்த கடித உறை வந்தது. நானாகக் கேட்டு எழுதியதுதான். நான் இப்போது வேலை செய்யும் களஞ்சியத்தில் கணக்குப் பகுதியில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் இருக்கிறார். "நாடு நாடாய்த் திரிஞ்ச ஆள் நீ. இப்பவே கணக்கை ஒழுங்கு பண்ணு. அறுபது வயசில உனக்கே ஒண்டும் ஞாபகம் இராது" என்று அவர்தான் துரத்தி எழுத வைத்தார்.

உறைக்குள் நான் வேலை செய்த மாதங்களின் பட்டியல். அதன் கீழே இன்னொரு பட்டியல்: "கீழ்க்காணும் இடைவெளிகளுக்கு விளக்கம் தரவும்." எண்ணிப் பார்த்தேன், ஒன்பது இடைவெளிகள். 2011 ஆடி முதல் 2012 மாசி வரை என்ன செய்தீர்கள்? 2019 தை முதல் ஆனி வரை என்ன செய்தீர்கள்? (நாங்கள் தை என்பது ஜனவரியை, ஆனி என்பது ஜூனை, மார்கழி என்பது டிசம்பரை.)

பதின்மூன்று வருடம் தொழில்முறை உதைபந்தாட்டக்காரனாக இருந்தேன். ஐந்து நாடு, எட்டுக் கழகம், பத்து ஒப்பந்தம். என் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், கேள்விப்பட வேண்டிய தேவையும் இல்லை. ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனால், "தம்பி இப்ப எந்தக் கழகம்? பயேர்னா?" என்று கேட்பார்கள். நான் ஏதோ ஒரு பின்லாந்து ஊரின் பெயரைச் சொல்வேன். "ஆ, நல்லது" என்றுவிட்டு அடுத்த கேள்வி கலியாணத்தைப் பற்றி இருக்கும்.

வடமராட்சியில் பிறந்து எட்டு வயதில் ஜேர்மனி வந்தவன். அப்பா ஊர்க் கழகத்தில் இடதுபக்கம் ஓடியவர். இங்கே ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. பதின்மூன்று வயதில் ஒரு பெரிய கழகத்தின் பயிற்சிக்கூடத்தில் என்னை எடுத்தார்கள். அப்பா வெளியே சந்தோசத்தைக் காட்டவில்லை. ஆனால் கிழமைக்கு நாலு நாள், வேலை முடித்து எண்ணெய் மணத்தோடு காரில் வந்து வாசலில் காத்திருப்பார்.

அங்கே நான் முதலில் கற்றது ஒரு ஜேர்மன் சொல்: ஷுல்டர்பிளிக். தோளுக்கு மேலால் ஒரு பார்வை. நடுக்களத்தில் ஆடுபவனுக்குப் பந்து எந்தப் பக்கத்திலிருந்தும் வரும், எதிராளியும் அப்படித்தான். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே பின்னால் யார் நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்துவிட வேண்டும். வந்த பிறகு பார்த்தால் பிந்திவிட்டது. பதினெட்டு வயதில் வாகன ஓட்டப் பயிற்சிக்குப் போனபோது அந்த ஆசிரியரும் இதே சொல்லைத்தான் கத்தினார். பாதை மாறுவதற்கு முன் ஷுல்டர்பிளிக்! சிரிப்பு வந்தது.

2009இல், பத்தொன்பது வயதுப் பிரிவு முடிந்ததும், என்னைக் கூப்பிட்டார்கள். கோப்பி தந்தார்கள். எட்டு நிமிடம். நல்ல பிள்ளை, நல்ல கால், ஆனால் உடம்பு காணாது, வேகம் காணாது. எங்கள் பிரிவில் இருந்த இருபத்திரண்டு பேரில் முதல் அணியோடு ஒப்பந்தம் கிடைத்தது ஒருவனுக்கு. மற்றவர்களில் பாதிப்பேர் அந்தக் கோடையோடு சப்பாத்தைக் கழற்றிவிட்டார்கள்.

நான் நாலாம் நிலையில், ரெகியோனாலிகாவில், இரண்டு வருட ஒப்பந்தம் ஒன்று எடுத்தேன். அது 2011 ஆனி 30ஆம் தேதி முடிந்தது.

இந்தத் தேதியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜேர்மனியில் ஒப்பந்தங்கள் ஆனி 30இல் முடியும். பின்லாந்து, நோர்வே, ஐஸ்லாந்தில் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். அங்கே ஒப்பந்தங்கள் பருவத்தோடு, ஆண்டுக் கடைசிப் பக்கம் முடியும். ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தாவினால் நடுவில் ஐந்தாறு மாதம் சம்பளம் இல்லாத பள்ளம். ஒப்பந்தம் முடியக் கடைசி ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கழகங்களோடு பேசலாம் என்பது உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி. எனக்கு இருபத்தொரு வயதில் அது தெரியாது. ஆனி 30க்குப் பிறகு பேசுவதுதான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் பேசத் தொடங்கினால் எல்லா இடமும் நிரம்பிவிட்டது.

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. ஜோன் மார்க் பொஸ்மன் என்ற பெல்ஜியக்காரர். அவரும் ஒரு மிட்ஃபீல்டர்தான், பெரிய பேர் ஒன்றும் இல்லை. 1990இல், நான் பிறந்த வருடம், அவருடைய ஒப்பந்தம் லியேஜ் கழகத்தில் முடிந்தது. பிரான்சின் டன்கேர்க் கழகத்துக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த ஆளுக்கும், எடுக்கும் கழகத்திடம் பழைய கழகம் மாற்றுப் பணம் கேட்கும் காலம் அது. டன்கேர்க் அந்தப் பணத்தைக் கட்டுமா என்று லியேஜுக்குச் சந்தேகம். அவரை விடவில்லை, சம்பளத்தையும் குறைத்தார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 1995 மார்கழி 15இல் தீர்ப்பு: ஒப்பந்தம் முடிந்தால் ஆள் சுதந்திரம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கும் போகலாம். பெரிய ஆட்டக்காரர்கள் அதில் கோடி சம்பாதித்தார்கள், பொஸ்மனுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. எங்களைப் போன்ற நாடோடிகளுக்குக் கதவு திறந்தது. ஆனால் கதவுக்கு இரண்டு பக்கம். என்னைக் காசு கொடுத்து யாரும் வாங்கவில்லை, அதனால் என்னை வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறையும் யாருக்கும் இல்லை. ஒரு வருடம், அதற்குமேல் ஒரு வருடம், அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் ஆட்டக்காரர் சங்கமான வி.டி.வி., வேலையில்லாதவர்களுக்காக டூய்ஸ்பர்க்கில் நடத்தும் முகாமுக்குப் போனேன். முதல் நாள் வெட்கமாக இருந்தது. இரண்டாம் நாள் பார்த்தால் இரண்டாம் லிகாவில் நூறு ஆட்டம் ஆடியவரும் பக்கத்தில் நின்று பந்து பொறுக்குகிறார். வெட்கம் போய்விட்டது. ஒப்பந்தமில்லாத பையன்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: சங்கத்தில் சேர். தனியாகப் பூங்காவில் ஓடினால் மூச்சு மட்டும்தான் வளரும், ஆட்டம் கெட்டுவிடும். கழகங்கள் புதிய ஆட்களைப் பதிவு செய்யும் மாற்றுக்காலம் முடிவதற்கு முன் ஒப்பந்தம் முடிந்தவனை, அது அடைபட்ட பின்னும் கழகங்கள் பதிவு செய்யலாம் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். புரட்டாதியிலும் தொலைபேசி அடிக்கலாம்.

எனக்கு அடிக்கவில்லை. தையில்தான் அடித்தது. பின்லாந்தின் இரண்டாம் பிரிவுக் கழகம், ஒரு கிழமைச் சோதனைப் பயிற்சி. முதல் கேள்வி கால் எது என்று இல்லை, கடவுச்சீட்டு எது என்று. 2010இல் ஜேர்மன் குடியுரிமை எடுத்திருந்தேன். அது இல்லாவிட்டால் அந்த அழைப்பே முதல் வசனத்தோடு முடிந்திருக்கும்.

வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பயிற்சி ஒரு காற்றுக் கூடாரத்துக்குள். முழு மைதானத்தையும் ஒரு வெள்ளைப் பலூன் மூடியிருக்கும். இரண்டு கதவு, ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்ளே போனால் காது அடைக்கும். ஆட்டத்தின் நடுவே கூரையிலிருந்து பனி சரிந்து விழும்போது லொறி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம். நான் மட்டும் நிமிர்ந்து பார்த்தேன், மற்ற ஒருவனும் அசையவில்லை. அந்த விநாடியில் பந்து என் காலுக்குக் கீழால் போய்விட்டது.

சோதனைக்குப் போகிறவன் பெரிதாக ஏதாவது காட்ட நினைப்பான். நானும் முதல் நாள் நாற்பது மீற்றர் பந்துகள் போட்டேன். அன்றிரவு யோசித்தேன். இவர்களுக்கு என்ன இல்லை என்று பார்க்காமல் எனக்கு என்ன உண்டு என்று காட்டுகிறேனே! அடுத்த நாள் பயிற்சிக்கு முன் இரண்டு நடுப் பின்கள ஆட்டக்காரர்களோடும் கோலியோடும் போய்க் கதைத்தேன். பெயரைக் கேட்டேன், எந்தக் காலுக்குப் பந்து வேண்டும் என்று கேட்டேன். 'பின்னால் ஆள்', 'நேரம் இருக்கு', 'திரும்பு' என்ற மூன்றுக்கும் அவர்கள் கத்தும் சொல் என்ன என்று கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பிறகு எங்கே போனாலும் முதல் வேலை அதுதான். ஜேர்மனியில் 'ஹின்டர்மன்' என்று கத்துவார்கள், நோர்வேயில் முதுகு என்ற சொல்லைக் கத்துவார்கள். மொழி படிக்க ஒரு வருடம் வேண்டும், அந்த மூன்று சொல்லுக்கு ஐந்து நிமிடம் போதும். ஏழாம் நாள் பயிற்சியாளர் சொன்னார்: "நீ வந்த பிறகு பின்வரிசை அமைதியாக இருக்கிறது."

மாதம் 1,400 யூரோ, அறை, மத்தியானச் சாப்பாடு. அப்பாவிடம் சொன்னேன்.

"வரி கழிச்சோ, கழிக்க முந்தியோ?"

"தெரியாது அப்பா."

"கையெழுத்து வைச்சிட்டியோ?"

"ஓம்."

அப்பா ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் தொலைபேசியைக் கொடுத்தார். கழிக்க முந்தித்தான். அந்தத் தவறை இரண்டாவது முறை செய்யவில்லை. வடக்கே எல்லாரும் மொத்தத் தொகையைச் சொல்வார்கள், தெற்கே கைக்கு வரும் தொகையைச் சொல்வார்கள். கேட்காவிட்டால் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

கழகங்களுக்கு அனுப்பும் ஒளித்தொகுப்பு பற்றியும் ஒரு சொல். முன்கள ஆட்டக்காரன் பத்துக் கோல்களை வெட்டி ஒட்டினால் போதும். நடுக்களத்தில் ஆடுபவன் செய்யும் நல்ல காரியங்களில் பாதி, பந்து இல்லாதபோது நடப்பவை. நான் சரியான இடத்தில் நின்றதால் எதிரணி அந்தப் பக்கம் பந்தே போடவில்லை என்பதை எந்த ஆறு விநாடித் துண்டில் காட்டுவது? முகவர்கள் பாட்டுப் போட்டு ஒட்டித் தருவார்கள், காசு வாங்குவார்கள். 2015 முதல் 2023 வரை ஃபிஃபா முகவர் உரிமத்தையே கைவிட்டிருந்தது. யாரும் முகவராகலாம் என்ற காலம், கார்க் கடைக்காரன்கூட எனக்கு முகவராக வந்திருக்கிறான். முன்பணம் கேட்பவன் முகவர் இல்லை. பிந்திய வருடங்களில் நான் இரண்டு முழு ஆட்டங்களைத்தான் அனுப்பினேன். ஒன்று வென்றது, ஒன்று தோற்றது. தோற்றதை ஏன் அனுப்பினாய் என்று ஒரு நோர்வேப் பயிற்சியாளர் கேட்டார். அதற்காகத்தான் உன்னை எடுத்தேன் என்று பிறகு சொன்னார்.

நோர்வேயில் மூன்று பருவம். அதுதான் என் நல்ல காலம். ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இருப்பதால் வேலைக்குத் தடை இல்லை. அங்கே கெயிர் யோர்டெட் என்ற ஆய்வாளர், பந்து வருவதற்கு முந்திய பத்து விநாடியில் ஓர் ஆட்டக்காரன் எத்தனை தடவை சுற்றிப் பார்க்கிறான் என்று எண்ணி ஆராய்ந்தவர். எங்கள் உதவிப் பயிற்சியாளர் அந்தப் பைத்தியம் பிடித்தவர். பயிற்சியை ஒளிப்பதிவு செய்து, என் தலையை மட்டும் பெரிதாக்கி, நான் திரும்புவதை ஒவ்வொன்றாக எண்ணுவார். இருபத்தைந்து வயதில், என் பழைய ஷுல்டர்பிளிக்குக்கு ஒரு கணக்கு உண்டென்று தெரிந்தது. முதல் இரண்டு மாதம் கழுத்து வலி. பிறகு எனக்கு வேகம் காணாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அங்கே பெரும்பாலும் செயற்கைப் புல். முழங்கால் அதற்குச் சாபம் போடும். மூன்று வகைச் சப்பாத்து வேண்டும், இருபத்து மூன்று கிலோப் பெட்டியில் பாதி அதற்கே போய்விடும். மிச்சத்தில் அம்மா தரும் வறுத்த மாவும் மிளகாய்த்தூளும்.

ஐஸ்லாந்து ஒரே ஒரு கோடை. கூட ஆடியவர்களில் ஒருவர் ஆசிரியர், ஒருவர் தச்சர். என் ஒப்பந்தத்தில் மாலையில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அவமானமாகத்தான் எடுத்தேன். பிறகு பார்த்தால் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே தொழிற்சான்றிதழுக்கு அதுதான் வாசல். பயிற்சியாளருக்கான பி நிலை உரிமத்தை அந்த அனுபவத்தை வைத்துத்தான் எடுத்தேன். அதன் பிறகு ஜேர்மனியில் ஒரு கழகத்தோடு ஆறு மாதம். அதில் சொல்ல ஒன்றும் இல்லை, வாங்கில் இருந்தேன்.

2018 ஆடியில் தெற்கே போனேன். வெயில், கடல், கைக்கு 1,900 யூரோ, கடலைப் பார்த்த வீடு. நாட்டையும் கழகத்தையும் இங்கே சொல்ல வேண்டாம். ஒரு வீட்டில் நாலு வெளிநாட்டவர். புரட்டாதிச் சம்பளம் ஐப்பசிக் கடைசியில் வந்தது. ஐப்பசிச் சம்பளம் வரவில்லை. கார்த்திகையும் வரவில்லை. செயலாளர் நல்ல மனிதர், தோளில் கைபோட்டு "வருகிற செவ்வாய்" என்பார். எந்தச் செவ்வாய் என்று கேட்டால் சிரிப்பார். ஒரு நாள் மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். வாடகையும் மின்சாரமும் கழகத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எரிவாயு அடுப்பு மட்டும் வேலை செய்தது. அம்மாவின் மாவில் புட்டு அவித்தேன், முட்டை பொரித்தேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நாலு பேரும் சாப்பிட்டோம். பக்கத்து அறை சேர்பியன், மூன்று நாள் தொடர்ந்து அதையே கேட்டான்.

இது எனக்கு மட்டும் நடந்த கெட்ட விதி என்றுதான் நினைத்திருந்தேன். உலக ஆட்டக்காரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் ஏறக்குறைய 14,000 பேரைக் கேட்டு வெளியிட்ட அறிக்கையில், 41 சதவீதமானவர்கள் முந்திய இரண்டு பருவங்களில் சம்பளம் பிந்தி வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சங்கத்தின் வக்கீல் தொலைபேசியில் சொன்னபோது விசித்திரமாக ஓர் ஆறுதல்.

அவர் சொன்ன வழியைக் கவனமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 2018 ஆனியிலிருந்து ஃபிஃபா விதியில் ஒரு பிரிவு உண்டு: இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாள் தவணை கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் கொடுக்காவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். வாட்சப்பில் எழுதுவது போதாது. எந்த மாதம், எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கு என்று எழுதி மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். அதுவரை ஒரு பயிற்சியையும் தவறவிடக் கூடாது, கழகத்துக்குக் காரணம் கொடுக்கக் கூடாது. கடிதம் போன மறுநாளே என்னைத் தனியாகக் காலை ஏழு மணிக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். ஒருவரும் இல்லாத மைதானம். ஒவ்வொரு நாளும் மணிக்கூடு தெரியப் படம் எடுத்தேன். கூட இருந்த பிரேசில்காரன் கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டான். அவனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை, ஒப்பந்தத்தை முறித்தவன் நீதான் என்று அவன் மீதே திருப்பிவிட்டார்கள்.

பதினாறாம் நாள் முறிப்புக் கடிதத்தை அனுப்பிவிட்டு நத்தாருக்கு வீடு வந்தேன். ஃபிஃபாவின் பிணக்குத் தீர்ப்பாயத்தில் முறைப்பாடு செய்ய ஆட்டக்காரனுக்குக் கட்டணம் இல்லை. தீர்ப்பு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நிலுவையும் ஒரு பங்கு நட்டஈடும் என்று வந்தது. நாற்பத்தைந்து நாளுக்குள் கட்டாவிட்டால் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடை. அந்தத் தடை விழுந்த பிறகுதான் காசு வந்தது, அதுவும் இரண்டு தவணையாக. செயலாளரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தியும் வந்தது: "நண்பா, செவ்வாய் என்று சொன்னேனே." அது உண்மையிலேயே செவ்வாய்க்கிழமைதான்.

அதற்குப் பிறகு ஜேர்மனியின் ஐந்தாம் நிலையான ஓபர்லிகா, காலையில் களஞ்சிய வேலை, மாலையில் பந்து. 2020இல் முழங்காலின் சிலுவைத் தசைநார் கிழிந்தது. ஜேர்மனியில் சம்பளத்துக்கு ஆடுபவனின் காயம் வேலைத்தல விபத்து, வி.பி.ஜி. என்ற விபத்துக் காப்பகம் சத்திரசிகிச்சையிலிருந்து உடற்பயிற்சி வரை பார்த்துக்கொண்டது. தெற்கே இருந்தபோது இது நடந்திருந்தால் என்று நினைக்கவே இன்றும் வயிறு கலங்கும், அந்த ஒப்பந்தத்தில் காயத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்கவில்லை. 2022இல் நிறுத்தினேன். பிரிவு விழா ஒன்றும் இல்லை. கடைசி ஆட்டத்தில் எழுபதாம் நிமிடம் வெளியே எடுத்தார்கள், அப்பா குடையோடு நின்று கைதட்டினார்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். நோர்வேயில் கட்டிய மாதங்களுக்குச் சம்பளச் சீட்டுகளை இணைத்தேன். ஐரோப்பிய நாடுகளில் கட்டிய காலங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார்கள், ஒரு வருடத்துக்குக் குறைந்த ஐஸ்லாந்துக் கோடையையும் வேறு நாட்டுக் கணக்கில் எடுப்பார்கள். அதனால் நாட்டை விட்டுக் கிளம்பும்போதே சீட்டுகளைக் கேட்டு வாங்கி வைத்திருக்க வேண்டும். பிறகு எழுதிக் கேட்டால், பாதிக் கழகங்களில் அந்தப் பெயரில் ஒரு ஆள் ஆடியதே அலுவலகத்துக்குத் தெரியாது. ஒரு நாட்டில் கட்டிய வேலையின்மைக் காப்புறுதியை இன்னொரு நாட்டில் காட்ட யு1 என்று ஒரு பத்திரம் உண்டு. அதை நான் இரண்டு தடவை வாங்காமல் விட்டேன். ஒன்பதில் இரண்டு இடைவெளி அதனால் வந்தவை, அந்த மாதங்களில் பதிவு செய்து உதவிப்பணம் எடுத்திருக்கலாம்.

மிச்சம் இருப்பவற்றுக்கு என்ன எழுதுவது? 2011 ஆடி முதல் 2012 மாசி வரை: அப்பாவின் உணவகத்தில் கோப்பை கழுவினேன், காலையில் ஓடினேன், தொலைபேசியைத் தண்ணீர் படாத தட்டில் வைத்திருந்தேன். படிவத்தில் அதற்கு ஒரு வரிதான் இடம் இருக்கிறது. கணக்குப் பகுதி அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "வேலை தேடிக்கொண்டிருந்தேன் எண்டு எழுது" என்றார். எழுதினேன். அடுத்த வரிக்கும் அதையே எழுதினேன்.